சூளைக் குளமும் மைக்செட்காரரும்

அந்த நகரத்தில் மைக்செட் வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர் இருக்கலாம். ஆனால் நகராட்சி அலுவலகத்தில் "மைக்செட்டுக்குச் சொல்லியாச்சா?" என்று யாராவது கேட்டால் அது இவரைத்தான். இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் வெளியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. வெளியில் 'மைக் அண்ணன்', வீட்டில் 'என்னங்க'. 'அப்பா' என்று கூப்பிட ஒருத்தி இருந்தாள். அவள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

வேலை என்று பார்த்தால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நாலு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு ஆம்ப்ளிஃபயர், ஸ்டாண்டில் ஒரு மைக், ஒயரில்லாத கைமைக் ஒன்று. மேடையில் பேசுகிறவர்கள் ஸ்டாண்டு மைக்கைப் பார்த்துக்கொள்வார்கள். கீழே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் பேச வேண்டுமென்றால் யாராவது கைமைக்கைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். குடிதண்ணீர், சாக்கடை, பஸ் நிறுத்தம் என்று மக்களைக் கூட்டி வைத்துக் கருத்துக் கேட்கிற எந்தக் கூட்டமானாலும் அந்த ஓட்டம் இவருடையது. கை தூக்கினால் போதும், வாய்க்கு நேரே மைக் வந்து நிற்கும்.

மைக்கை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டார். கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அனுபவத்தில் கண்டவர். ஒருவர் அதைக் கடிப்பார். ஒருவர் விசிறி மாதிரி ஆட்டுவார். இன்னொருவர் வாங்கிய சந்தோஷத்தில் சொல்ல வந்ததை மறந்துவிட்டு, தாத்தா காலத்திலிருந்து ஆரம்பிப்பார். அதனால் தானே பிடித்துக்கொண்டு நிற்பார். இரண்டாவது ஒரு பழக்கமும் உண்டு. பேசினவர் வாயை மூடியதும் இவருடைய கட்டைவிரல் மைக் ஸ்விட்சை அணைத்துவிடும். உயிரோடு இருக்கிற மைக்கை எடுத்துக்கொண்டு பெட்டி முன்னால் போனால் அது ஊளையிடும், கூட்டமே காதைப் பொத்திக்கொள்ளும். ஆகவே மைக் தன் கையில் இருக்கும்போது செத்திருக்க வேண்டும், அடுத்தவர் வாய்க்குப் போனதும் பிழைத்துக்கொள்ள வேண்டும். இதை அவர் யோசித்துச் செய்வதில்லை. விரல் பாட்டுக்குச் செய்யும்.

ஒரு காலத்தில் இவர் பயங்கரக் குசும்புக்காரர். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் அன்றைக்குப் பேசினவர்களை எல்லாம் கூடத்தில் நிறுத்திவிடுவார். எந்தக் கூட்டமானாலும் எழுந்து "பார்க்கிங்குக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்கிற ஒரு பெரிய மனிதர் உண்டு. சுடுகாட்டுக்குச் சுற்றுச்சுவர் கட்டுகிற கூட்டத்திலும் அதையே கேட்டவர். அவரை மாதிரியே இவர் இடுப்பில் கை வைத்து நின்றால் மகள் சிரித்துச் சிரித்து, குடித்த டீ மூக்கு வழியாக வந்துவிடும். "உங்க ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு நான் ஒரு வாய் நிம்மதியா சாப்பிட முடியல" என்று மனைவி சலித்துக்கொள்வாள். சலிப்பெல்லாம் வெளிக்குத்தான், அவளும் சிரித்துக்கொண்டுதான் இருப்பாள்.

மகள் கல்லூரிக்கு இரண்டாம் வருஷம் போய்க்கொண்டிருந்தாள். நகரத்தின் ஓரத்தில் பழைய செங்கல் சூளை நிலம் ஒன்று இருக்கிறது. சூளை மூடி வெகு காலமாகிறது. மண் தோண்டின பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்று நின்று குளமாகிவிட்டது. சுற்றிலும் தானாக முளைத்த மரங்கள், பறவைகள். அங்கே சிநேகிதிகளோடு போட்டோ எடுக்கப் போனாள். கரையெல்லாம் களிமண். கால் வழுக்கியது. குளம் என்று பேர்தானே ஒழிய அது பள்ளம், ஓரத்திலேயே ஆள் ஆழம்.

செய்தி வந்தபோது இவர் ஒரு கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்தில் இருந்தார். போனில் சொன்னதைக் கேட்டார். "சரி" என்றார். பேசிக்கொண்டிருந்தவர் பேசி முடிக்கும்வரை நின்றார். பிறகு ஒயரை ஒழுங்காகச் சுருட்டிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். இதை மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை. "பாப்பா போயிட்டான்னு சொல்றாங்க, இவரு ஒயரச் சுருட்டிட்டு வந்து நிக்கறாரு" என்று தன் அக்காவிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். அடக்குவதற்கு உள்ளே ஒன்று இருக்க வேண்டுமே. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாரோ ஒருவருடைய கன்னத்தைத் தொட்ட மாதிரி இருக்குமல்லவா, அவருக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. கொதிக்கிற டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, நாக்கு பொத்துப்போனதை மறுநாள்தான் கவனித்தார். வேளாவேளைக்குச் சாப்பிட்டார், படுத்ததும் தூங்கினார், வேலைக்குப் போனார். பார்க்கிறவர்கள் "மனுஷன் தேறிட்டாரு" என்றார்கள். மனைவி மட்டும் அவரைக் கல் என்றாள். குசும்பு போயே போய்விட்டது. வீட்டில் இரண்டு பேருக்கும் இடையில் பேச்சு என்பது கேஸ் தீர்ந்துவிட்டது, கரண்ட் வரவில்லை என்ற அளவுக்குச் சுருங்கிப்போனது.

இந்த நிலையில்தான் நகராட்சிக்கு ஞானம் பிறந்தது. சூளை நிலத்தை நகரக் காடாக மாற்றப் போகிறோம், பொதுமக்கள் வந்து எப்படி வேண்டும் என்று சொல்லுங்கள் என்று ஊர் முழுக்க ஆட்டோ வைத்துச் சொன்னார்கள். ஆட்டோவில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்கூட இவருடையதுதான். அது சொன்னது இவர் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

முதல் கூட்டம் சமுதாயக் கூடத்தில். திட்டப் பிரிவிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். எல்லாருக்கும் அவர் மேடம். மற்ற அதிகாரிகள் மாதிரி மேடையில் உட்கார்ந்து தலையாட்டிவிட்டுப் போகிற ரகம் இல்லை. சூளை நிலத்தின் பெரிய வரைபடத்தைத் தரையில் விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு எல்லாரையும் அதன்மேல் நடக்கச் சொன்னார். ஆளுக்குக் கொஞ்சம் வட்ட ஸ்டிக்கர் கொடுத்தார். இருக்க வேண்டும் என்பதற்குப் பச்சை, வேண்டாம் என்பதற்குச் சிவப்பு. ஜனங்கள் முதலில் வெட்கப்பட்டார்கள். அப்புறம் குழந்தைகளைவிட மோசமாக ஒட்டித் தள்ளினார்கள். பார்க்கிங்காரர் தன் பச்சை முழுவதையும் வாசல் பக்கம் ஒரே இடத்தில் ஒட்டி, அங்கே கார் நிறுத்தலாம் என்றார். எல்லாரும் ஒட்டி முடித்தபோது நீல நிறத்தில் இருந்த குளம் பச்சைப் பொட்டுகளால் நிறைந்திருந்தது.

"அண்ணே, நீங்களும் இந்த ஊர்க்காரர்தானே? ஒட்டுங்க" என்று மேடம் இவர் கையிலும் ஸ்டிக்கரைத் திணித்தார். மேடத்துக்கு இவர் மகள் விஷயம் தெரியாது, வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர். இவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

துணி துவைக்க எடுத்த மனைவி பைக்குள் ஒட்டிக்கிடந்ததைக் கண்டுபிடித்தாள்.

"என்னங்க இது?"

"மீட்டிங்ல குடுத்தாங்க. எது வேணும், எது வேணாம்னு ஒட்டணுமாம்."

"எத?"

"சூளை நிலத்த. காடு ஆக்கப் போறாங்களாம்."

அவள் சட்டையைக் கீழே வைத்தாள். "அந்தக் குளம்?"

"வச்சுக்கலாம்னுதான் எல்லாரும் சொல்றாங்க. பறவை வருதாம்."

மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறவள். நாள் முழுக்க யார் யாருடைய வலிக்கோ மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவளுக்குக் குரலை உயர்த்திப் பேசவே வராது. அன்றைக்கும் மெதுவாகத்தான் சொன்னாள்.

"அத மூடணும். மண்ணப் போட்டு மூடி, மேல மரம் நடட்டும், பூங்கா வைக்கட்டும், என்ன வேணா பண்ணட்டும். தண்ணி இருக்கக் கூடாது. நீங்க மீட்டிங்ல எந்திரிச்சு சொல்லணும்."

"நான் எப்படிப் பேசறது? நான் மைக்செட்டு."

"நீங்க அப்பா."

அவள் சட்டையை மறுபடி கையில் எடுத்தாள். "நான் உங்ககிட்ட வேற எதுவுமே கேக்கல. இந்த ஒண்ணத்தான் கேக்கறேன். இதையும் செய்யலன்னா அப்புறம் நாம ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கறதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்துவிடலாம். அவள் மாத்திரையை எந்த வேளைக்குப் போட வேண்டும் என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள். அக்கா வீட்டு மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது என்பதும் இவருக்குத் தெரியும்.

"சொல்றேன்" என்றார்.

இரண்டாவது கூட்டம் நாற்காலி இல்லாத கூட்டம். எல்லாரும் சூளை நிலத்துக்கே போய் நடந்து பார்ப்பது என்று ஏற்பாடு. தோளில் மாட்டுகிற சின்னப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு இவர் முன்னால் நடந்தார். மகள் போன அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் போனார், இந்த இடத்துக்கு வரவில்லை. பிறகும் வந்ததில்லை. இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். ஒரு பள்ளம், தண்ணீர், நாணல், ஓரத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் கவர்கள். அவ்வளவுதான்.

பறவை வாத்தியார் என்று ஒருவர். ஓய்வு பெற்றதிலிருந்து பைனாகுலரும் தொப்பியுமாக இந்தக் குளமே கதி என்று கிடக்கிறவர். அவர் கரையில் நின்று பேசினார். இவர் மைக் பிடித்தார்.

"இந்தக் குளம்தாங்க இந்தக் காட்டுக்கு உயிர். இத மூடிட்டா இங்க வர்ற ஒரு பறவைகூட வராது. நீங்க எத்தன மரம் நட்டாலும் அது வெறும் தோப்புதான், காடு இல்ல."

எல்லாரும் கை தட்டினார்கள். இவர் நின்ற இடத்துக்கு நாலடி தள்ளி மண் சரிந்து தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அதைப் பார்த்தார். இங்கேயாக இருக்கலாம் என்று நினைத்தார். நினைத்ததும் ஏதாவது ஆகும் என்று காத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. பெட்டியில் சார்ஜ் குறைகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது என்பதுதான் மனதில் ஓடியது. தன்னைப் பார்த்துத் தனக்கே அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பும் அரைகுறைதான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "சொன்னீங்களா?"

"இன்னைக்கு சுத்திப் பாக்கறது மட்டும்தான். கடைசி மீட்டிங்லதான் முடிவு."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு குளிக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டார். 'அந்தக் குளத்த மூடுங்க. என் பொண்ணு அதுலதான் போனா.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. யார் யாரோ ஊர்க்கதை பேசுகிற கூட்டத்தில் இது ஒரு விஷயமே இல்லை.

கடைசிக் கூட்டத்துக்கு நல்ல கும்பல். குளத்தை வைத்துக்கொள்வதா, மூடிவிட்டுப் புல்வெளி போடுவதா என்பதைத் தவிர மற்றதெல்லாம் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. ஆதியிலிருந்தே குளத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், "எவ்வளவு வேலி போட்டாலும் பசங்க ஏறிக் குதிச்சிருவாங்க மேடம்" என்றாள். பறவை வாத்தியார் எழுந்து பழைய பாட்டையே பாடினார், இந்த முறை படங்களோடு. பார்க்கிங்காரர் எழுந்தார், அவர் கேட்டது என்ன என்று எழுதத் தேவையில்லை. இவர் வரிசைக்கு வரிசை ஓடிக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை திரும்பியபோது மனைவி உள்ளே வருவதைப் பார்த்தார். லீவு கிடைக்காது என்று சொன்னவள், மருந்துக்கடை வெள்ளைக் கோட்டோடு அப்படியே வந்திருந்தாள். நடைபாதை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற யாராவது பேசறீங்களா? இல்லன்னா கை தூக்கச் சொல்லிடலாம்" என்றார் மேடம்.

யாரும் எழவில்லை. இவர் நடைபாதையில் மனைவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மைக் கையில் இருந்தது. இதைவிட்டால் வேறு நேரம் கிடையாது. மைக்கைத் தன் வாய்க்கு நேராகத் தூக்கினார். வாழ்க்கையில் முதல் தடவை, 'செக் செக்' தவிர வேறு எதையோ சொல்ல.

ஒத்திகை பார்த்த இரண்டு வரியும் அப்படியே இருந்தன. ஆனால் வாயைத் திறந்ததும் வேறு ஒன்று வந்தது.

"மண்ணப் போடாதீங்க" என்றார். "என் பொண்ணு மேல ஒரு தடவ மண்ணப் போட்டேன். எல்லாரும் போடச் சொன்னாங்க, போட்டேன். கை நெறைய அள்ளிப் போட்டேன். இன்னொரு தடவ என்னால முடியாது. அவ கடைசியா பாத்த தண்ணி அது. அது இருக்கட்டும். மண்ணப் போடாதீங்க."

சொல்லி முடித்தார். கூட்டத்தில் ஒரு அசைவும் இல்லை. பின்வரிசையில் இரண்டு பேர் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேடம் மேடையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணே, மைக் வேலை செய்யலையா?"

அப்போதுதான் பார்த்தார். கட்டைவிரல் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. மைக் அவர் கையில் இருந்தது, ஆகவே செத்திருந்தது. இத்தனை வருஷப் பழக்கம், முதலாளி பேச வந்தபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. ஊரே கேட்க வேண்டியதை அவர் முணுமுணுப்பாகப் பேசி முடித்திருந்தார்.

"இல்ல மேடம், சரியாயிருக்கு" என்றார். இன்னொரு தடவை சொல்லத் தெம்பு இல்லை.

பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. வெள்ளைக் கோட்டுக் கை.

யார் கை தூக்கினாலும் போகிற கால்கள்தானே, ஓர் அடி எடுத்து வைத்து மனைவியின் வாய்க்கு நேரே மைக்கைப் பிடித்தார். விரல் தன்னால் ஸ்விட்சைப் போட்டது. அவள் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்து நாளாகியிருந்தது. கன்னத்தில் எலும்பு தெரிந்தது.

"இவரு என் வீட்டுக்காரரு" என்றாள். நாலு மூலைப் பெட்டியிலிருந்தும் அந்த மெதுவான குரல் வந்தது. "இப்ப பேசினாரு. உங்க யாருக்கும் கேட்டிருக்காது. பக்கத்துல இருந்ததால எனக்குக் கேட்டுச்சு. எங்க பொண்ணு அந்தக் குளத்துலதான் போயிட்டா. அத மூட வேணாம், மண்ணப் போட வேணாம்னு இவரு சொல்றாரு."

பின்வரிசைச் சிரிப்பு நின்றது. மேடம் எழுந்து நின்றுவிட்டார்.

"எனக்கு மூடணும்" என்றாள் மனைவி. "அந்தத் தண்ணி இருக்கற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது. இவருக்கு அது இருக்கணும், எனக்கு அது கூடாது. ரெண்டையும் எழுதிக்கோங்க. அவ்வளவுதான்."

உட்கார்ந்தாள். பெட்டிகளில் 'எங்க பொண்ணு' என்று கேட்டபோதே இவருக்கு ஏதோ ஆகிவிட்டது. பல் ஊசியின் மரமரப்பு விடும்போது முதலில் குறுகுறுப்பாக இருக்கும், பிறகு ஒரேயடியாக வலிக்கும். அப்படித்தான் வலித்தது. எங்கே என்று சொல்ல முடியவில்லை, எல்லா இடத்திலும். அவளுடைய நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

மேடம் அந்தக் கூட்டத்தை அன்றைக்கு ஒத்திப்போட்டிருக்கலாம். அவரும் அதைத்தான் கேட்டார், "இன்னொரு நாள் வச்சுக்கலாமாம்மா?" என்று. "வேணாம், இன்னைக்கே முடிச்சிருங்க" என்று மனைவி இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டாள்.

குளத்தை மூட வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். மனைவி தூக்கினாள். கைக்குழந்தைக்காரி தூக்கினாள். அங்கங்கே இன்னும் கொஞ்சம் பேர், சிலர் மனைவியைப் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள். பிறகு, குளம் இருக்கட்டும் என்பவர்கள். கூடத்தில் பெரும்பாதி கை மேலே போனது. பறவை வாத்தியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மனைவி இருந்த பக்கம் பார்க்காமல் தூக்கினார்.

இவர் அசையவில்லை. எப்படித் தூக்குவது? ஒரே ஒரு காரியம் கேட்டிருந்தாள், அதற்கு நேர் எதிராகப் பேசியாகிவிட்டது. இப்போது அவள் கண் முன்னால் கையையும் தூக்க வேண்டுமா? மாடி அறை ஞாபகம் வந்தது. பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தூக்குங்க" என்றாள் மனைவி.

குனிந்து பார்த்தார்.

"மனசுல இருக்கறதத்தானே சொன்னீங்க? அப்ப தூக்குங்க" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. கோபம் இருந்ததா என்றால் அதுவும் இருந்தது. "ஒண்ணரை வருஷமா உங்களுக்கு உள்ள எதுவுமே இல்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். தூக்குங்க."

நாற்காலியைப் பிடித்திருந்த கையை எடுத்துத் தூக்கினார். அவர் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். ஊரார் முன்னால் அழுகிறோமே என்ற கூச்சம்கூட வரவில்லை. ஊழியர் ஒருவர் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு வந்து, இவரையும் எண்ணிவிட்டு, தலையைக் குனிந்தபடி அடுத்த வரிசைக்குப் போனார்.

"எண்ணியாச்சு, கையை இறக்கிடலாம்" என்றார் மேடம்.

எல்லாரும் இறக்கினார்கள். இவருக்கு அது காதில் விழவில்லை. மனைவி எழுந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். இறக்கின பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.